அச்சுத் தொழில்நுட்ப இதழ்களின் சரிவும் தமிழ் அறிவியல் உரைநடையும்

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றை ஆராய்வோர் இதழ்களைச் சமய இதழ்கள், அரசியல் இதழ்கள், இலக்கியச் சிற்றிதழ்கள், மகளிர் இதழ்கள், சிறுவர் இதழ்கள் எனப் பகுத்துக் காண்பது வழக்கம். இப்பகுப்பில் தொழில்நுட்ப இதழ்கள் பெரும்பாலும் 'பிற இதழ்கள்' என்னும் தலைப்பின்கீழ் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. இலக்கியத் தரம் அற்றவை, ஓராண்டில் பழமையாகிவிடுபவை என்னும் எண்ணமே இப்புறக்கணிப்பிற்குக் காரணம் எனலாம். ஆயினும் 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் கணினி என்னும் புதிய கருவியைத் தமிழ் வாசகர்க்குத் தமிழிலேயே விளக்க முயன்றவை இவ்விதழ்களே. இன்று அவை தம் செல்வாக்கை இழந்துவிட்டன. பழைய படிகளும் அரிதாகி வருகின்றன.

இணையம் வந்தது, இதழ் மறைந்தது என்று இச்சரிவிற்கு எளிய விளக்கம் தரப்படுகின்றது. இவ்விளக்கம் முழுவதும் பிழையன்று. ஆனால் போதுமானதும் அன்று. எல்லாத் தொழில்நுட்ப இதழ்களும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் மறையவில்லை. சில இன்றளவும் நிலைத்துள்ளன. எனவே இதழ்கள் வாசகர்க்கு எதனை விற்றன, மொழியில் எதனை வளர்த்தன என்னும் இரு வினாக்களைத் தனித்தனியே எழுப்ப வேண்டியுள்ளது. தம் பணியைப் பயன்பாட்டுக் குறிப்பு என்னும் அளவிற்குச் சுருக்கிக்கொண்ட இதழ்களையே இணையம் எளிதில் அகற்றியது. அவற்றோடு தமிழ்த் தொழில்நுட்ப உரைநடை உருவான களம் ஒன்றும் கவனிப்பாரின்றி மறைந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கேரள மாநிலத்தின் அனுபவம் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

முன்னோடி முயற்சிகள்

தமிழில் அறிவியலைச் சொல்ல இதழ் ஒரு களமாக வேண்டும் என்னும் எண்ணம் கணினிக்கு நெடுங்காலம் முற்பட்டது. 1916-ஆம் ஆண்டு சேலத்தில் இராஜாஜி முதலியோர் முயற்சியால் தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் தோன்றியது. அறிவியற் சொற்களுக்குத் தமிழாக்கம் காண்பதே அதன் நோக்கம். ஆயினும் அதன் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ்ச் சொல்லைப் பற்றிய விவாதத்தைக்கூடத் தமிழில் நடத்தும் துணிவு அன்று முழுமையாக ஏற்படவில்லை என்பதை இது காட்டுகின்றது.

இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கோயம்புத்தூரிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் முயற்சியால் வெளிவந்த 'கலைக்கதிர்' இத்தடையைக் கடந்தது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றைத் துறை வல்லுநர்களே தமிழில் எழுதும் வாய்ப்பை அது உருவாக்கியது. 1967 முதல் மணவை முஸ்தபாவை ஆசிரியராகக் கொண்டு வந்த 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பு, மாதந்தோறும் குறித்த நாளுக்குள் புதிய கருத்துகளைத் தமிழில் தந்தாக வேண்டிய நெருக்கடியைச் சந்தித்தது. அந்நெருக்கடியே சொல்லாக்கத்திற்குத் தூண்டுதல் ஆயிற்று. பின்னாளில் அவர் தொகுத்த கலைச்சொல் அகராதிகளுக்கு அதுவே அடித்தளம். அகராதி தொகுக்கும் குழு ஒரு சொல்லைப் பல ஆண்டுகள் ஆராயலாம். இதழாசிரியருக்கு அந்த வசதி இல்லை. அச்சுக்குப் போகும் நாளுக்குள் சொல்லைக் காண வேண்டும். அடுத்த இதழில் வாசகர் கடிதம் அச்சொல்லை ஏற்கும் அல்லது மறுக்கும். இதழ்வழிச் சொல்லாக்கத்தின் தனித்தன்மை இதுவே.

கணினி இதழ்களின் தோற்றமும் தேவையும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. சென்னையும் அதன் தொடக்க நகரங்களுள் ஒன்று. இதனை ஒட்டிய காலத்தில்தான் 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற தனி இதழ்களும், 'தினமலர்' நாளிதழின் 'கம்ப்யூட்டர் மலர்' போன்ற இணைப்பிதழ்களும் வாசகரைச் சென்றடைந்தன. ஆங்கிலத்தில் 'பிசி குவெஸ்ட்', 'சிப்', 'டிஜிட்' ஆகியன பரவலாக வாசிக்கப்பெற்றன. சிற்றூர்களிலும் கணினிப் பயிற்சி நிலையங்கள் பெருகிய காலம் அது. பயிற்சி நிலையத்தில் ஒரு மணி நேரம் கணினியைத் தொட்ட மாணவர், வீட்டில் கணினியின்றியே இதழின்வழி அதனைக் கற்றார்.

அக்காலத்து இதழ்களின் செல்வாக்கை உணர அன்றைய இணைய வேகத்தைக் கருத வேண்டும். ஆங்கிலக் கணினி இதழ்கள் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக இணைத்து வழங்கின. ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 650 மெகாபைட்டு. தொலைபேசிவழி இணைப்பின் உச்ச வேகமான நொடிக்கு 56 கிலோபிட்டு இடையறாது கிடைத்தாலும் அதனைத் தரவிறக்க ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். 2004-இல் வகுக்கப்பெற்ற அகலப்பட்டைக் கொள்கை குறித்த 256 கிலோபிட்டு வேகத்தில் அது ஆறு மணி நேரத்திற்குள் அடங்கியது. இன்று சில நிமிடங்களே போதும். எனவே அன்றைய இதழ் செய்தித்தாளாக மட்டும் இயங்கவில்லை. மென்பொருளைக் கொண்டு சேர்க்கும் வண்டியாகவும் இருந்தது. வேகம் மிகுந்தபோது முதலில் மதிப்பிழந்தது அவ்வண்டியே.

இதழ்களின் உரைநடை

மொழி நோக்கில் இவ்விதழ்களின் பெயர்களே ஆய்வுக்குரியன. அறிஞர் உலகம் கணிப்பொறி, கணினி எனச் சொற்களை முன்வைத்த காலத்தில், இதழ்கள் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லையே தலைப்பில் ஏற்றன. 'தமிழ் கம்ப்யூட்டர்' என்னும் பெயரில் வல்லொற்று மிகவில்லை. இலக்கண நோக்கில் இது வழு எனலாம். ஆனால் இரு சொற்களும் ஒன்றாகக் கலவாமல் அருகருகே நிற்கும் நிலையை அவ்வெழுத்து முறை தன்னையறியாமல் காட்டிவிடுகின்றது. தமிழும் கணினியும் அன்று இருந்த உறவு அத்தகையதே.

சொல்லாட்சியில் மூன்று போக்குகளைக் காணலாம். கம்ப்யூட்டர், மவுஸ், விண்டோஸ் என ஒலிபெயர்த்து எழுதுதல் முதலாவது. கோப்பு, எழுத்துரு, மின்னஞ்சல், மென்பொருள் எனத் தமிழாக்கம் செய்தல் இரண்டாவது. ஒலிபெயர்ப்பையும் தமிழாக்கத்தையும் ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்து வாசகரைப் பழக்குதல் மூன்றாவது. மூன்றாவது போக்கே வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஒரு சொல் முதலில் அடைப்புக்குறிக்குள் தயங்கி நுழைந்து, பின்னர் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் தள்ளி, இறுதியில் தனித்து நிற்பதை இதழ்களின் வரிசையில்தான் காணமுடியும். அகராதி இறுதி முடிவை மட்டுமே பதிவு செய்கின்றது. இதழ் அம்முடிவிற்கான வழக்கை முழுமையாகப் பதிவு செய்கின்றது. தமிழகத்தில் கணினி, பதிவிறக்கம் என்பனவும் ஈழத்தில் கணனி, தரவிறக்கம் என்பனவும் வேரூன்றிய வேறுபாட்டை ஆராய விரும்புவோர்க்கு இவ்விதழ்களைவிடச் சிறந்த சான்று இல்லை.

வினையமைப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்ந்தது. கிளிக் செய், இன்ஸ்டால் செய், டவுன்லோடு செய் என அயற்பெயரோடு 'செய்' என்னும் வினையைச் சேர்க்கும் முறை மிகுதியாகப் பயின்றது. வடசொல்லை ஏற்கும்போது வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தில் அமைத்துக்கொள்ள வழிவகுத்தது தொல்காப்பிய நெறி. இங்கு எழுத்தளவில் அன்றி வினையளவில் அத்தகைய தகவமைப்பு நிகழ்ந்தது. அயற்சொல் பெயராக நிற்க, காலமும் இடமும் காட்டும் பொறுப்பைத் தமிழ் வினை ஏற்றது. அவ்வாறே 'திறக்கவும்', 'அழுத்தவும்', 'தேர்ந்தெடுக்கவும்' என்னும் வடிவம் இதழ்களில் நிலைபெற்றது. அறிவிப்புப் பலகைகளுக்கும் அலுவலகக் கடிதங்களுக்கும் உரியதாக இருந்த இவ்வடிவம், ஆசிரியர் மாணவருக்குக் கூறும் நெருக்கமும் இன்றி, ஏவலின் கடுமையும் இன்றி, செயல்முறையை விளக்கும் பொதுநடை ஆயிற்று.

வாசகர் வினா-விடைப் பகுதி மற்றொரு கூறு. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை முதலாகத் தமிழ் உரைநடைக்கு வினாவிடை மரபு உண்டு. அங்கு வினாவும் விடையும் ஆசிரியருடையவை. கணினி இதழ்களில் வினா வாசகருடையது. அவருடைய ஊரும் பெயரும் அதனோடு அச்சேறின. பிழைச்செய்தியைத் தம் சொற்களில் விவரிக்க வாசகர் முயன்றபோது, துறைசாராத ஒருவரின் தொழில்நுட்பத் தமிழ் முதன்முறையாக அச்சில் இடம்பெற்றது.

இவ்விதழ்களின் குறைகளையும் மதிப்பிடுதல் வேண்டும். கட்டுரைகளுள் பெரும்பகுதி குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பை இயக்கும் வழிமுறைகளாகவே அமைந்தன. திரையில் தோன்றிய கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், தொடரின் பெயர்ச்சொற்கள் அனைத்தும் ஆங்கிலமாகவும் உருபும் வினைமுடிபும் மட்டும் தமிழாகவும் நின்றன. எவ்வாறு இயக்குவது என்பது சொல்லப்பட்ட அளவிற்கு, ஏன் அவ்வாறு இயங்குகின்றது என்பது சொல்லப்படவில்லை. கணினியால் எத்தொழில் அழியும், எவர் பயன்பெறுவர், மின்கழிவு எங்குச் செல்லும் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டன. சுஜாதா தம் அறிவியல் கட்டுரைகளில் கருத்தை விளக்குவதற்குத் தந்த இடத்தையும், அவருக்கு முன்னர்ப் பெ. நா. அப்புஸ்வாமி எளிய தமிழில் அடிப்படை அறிவியலை விளக்கிய பொறுமையையும் கணினி இதழ்கள் தம் பொதுநெறியாகக் கொள்ளவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு வந்தவுடன் கட்டுரையும் காலாவதியானது.

சரிவின் காரணங்கள்

உலக அளவில் நோக்கினால் சரிவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1975-இல் தொடங்கிய அமெரிக்க இதழான 'பைட்' 1998-இல் நின்றது. அகலப்பட்டை இணையம் வீடுகளில் பரவுவதற்கு முன்னரே, உரிமை வேறு நிறுவனத்திற்குக் கைமாறியதைத் தொடர்ந்து அது நிறுத்தப்பட்டது. 'பிசி மேகசின்' 2009 ஜனவரியோடும், 'பிசி வேர்ல்டு' 2013-லும் அச்சைக் கைவிட்டன. 2023-இல் 'மேக்சிமம் பிசி' இதழின் அச்சுப் பதிப்பும் முடிவுற்றது. வாசகர் குறைவதற்கு முன்னரே விளம்பரம் இடம்பெயர்ந்தது என்பதே இவற்றின் பொதுவான படிப்பினை. உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியல், பயிற்சி நிலையங்களின் அறிவிப்பு, புதிய கருவிகளின் ஒப்பீடு ஆகியவை இதழை வாங்கச் செய்தவை. விலை நாள்தோறும் மாறும் துறையில், அச்சேறி வாசகரை அடைவதற்குள் பட்டியல் பழையதாகிவிடும். இணையத்தில் அது உடனுக்குடன் மாறும்.

இந்தியச் சூழலில் 2005-இல் பி.எஸ்.என்.எல். தொடங்கிய அகலப்பட்டைச் சேவையும், 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடங்கிய மலிவுத் தரவுச் சேவையும் இரு திருப்புமுனைகள். முதலாவது, குறுந்தகட்டின் தேவையை நீக்கியது. இரண்டாவது, வழிமுறைக் கட்டுரையின் தேவையை நீக்கியது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் பத்து வரிகளில் எழுதுவதைவிட, அழுத்திக் காட்டும் காணொளி தெளிவானது. அச்சுத்தாள் விலையேற்றமும், 2019-இல் அதன் இறக்குமதிக்கு விதிக்கப்பெற்றுப் பின்னர்க் குறைக்கப்பெற்ற 10 விழுக்காட்டுச் சுங்க வரியும், 2020-இன் பெருந்தொற்றும் எல்லா இதழ்களையும் தாக்கின. எனினும் தொழில்நுட்ப இதழ்கள் அதற்கு முன்னரே வலுவிழந்திருந்தன. வழிமுறையை மட்டும் நம்பியிருந்த உரைநடை, வழிமுறையை மேலும் நன்கு காட்டும் ஊடகம் வந்ததும் நிற்க இடமின்றிப் போயிற்று.

கேரளம் தரும் ஒப்பீடு

இம்முடிவைச் சோதிக்கக் கேரளம் பொருத்தமான களம். 1990-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கணினியும் இணையமும் விரைந்து பரவிய மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. இணையமே இதழ்களை அழிக்கும் என்பது உண்மையாயின், மலையாள அறிவியல் இதழ்கள் தமிழ் இதழ்களுக்கு முன்னரே மறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

1962-இல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாஸ்த்ர சாகித்திய பரிஷத்து 'சாஸ்த்ரகதி' (1966), 'சாஸ்த்ரகேரளம்' (1969), 'யுரேகா' (1970) ஆகிய இதழ்களை முறையே பொதுவாசகர், உயர்நிலைப் பள்ளி மாணவர், சிறுவர் ஆகியோருக்காகத் தொடங்கியது. 1968-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டு 'விஞ்ஞான கைரளி' என்னும் இதழை வெளியிட்டது. முன்னையவை விளம்பரத்தையும் கடை விற்பனையையும் நம்பியவை அல்ல. உறுப்பினர்களே அவற்றை வீடுவீடாகவும் பள்ளிதோறும் கொண்டு சேர்த்தனர். 1945-இல் 47 நூலகங்களுடன் பி. என். பணிக்கர் அமைத்த திருவிதாங்கூர் நூலகச் சங்கத்திலிருந்து வளர்ந்த ஊர் நூலகங்கள் அவற்றிற்கு நிலையான வாசகரைத் தந்தன. 'யுரேகா' இதழை ஒட்டி நடைபெறும் மாணவர் அறிவியல் விழா, வாசிப்பைக் கூட்டுச் செயலாக்கியது. அதேவேளை வணிக அடிப்படையில் எழுந்த மலையாளக் கணினி இதழ்கள், தமிழ்க் கணினி இதழ்கள் சந்தித்த அதே நெருக்கடியைச் சந்தித்தன. ஆக, மொழியோ மாநிலமோ அன்றி இதழின் அடித்தளமே அதன் ஆயுளை உறுதி செய்துள்ளது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ், துளிர் இல்லங்கள், திறனறிதல் தேர்வு ஆகியவற்றோடு இணைந்து இயங்கியமையால் வணிகக் கணினி இதழ்களைவிட நீண்ட ஆயுளைப் பெற்றது. இவை அறிவியல் இதழ்களே. கணினி இதழ்கள் அல்ல என்னும் தடை எழலாம். தொழில்நுட்ப இதழுக்கே உலக அளவில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணினியைப் பயன்படுத்துவோர் 2012-இல் தொடங்கிய 'மேக்பை' முதலில் மின்னிதழாகவே வந்தது, பின்னர் அச்சிதழாயிற்று. 2015 நவம்பரில் வெளிவந்த அதன் 40-ஆம் இதழ், அட்டையோடு ஒரு சிறு கணினியையே இணைத்து வழங்கியது. 1990களின் குறுந்தகட்டிற்கு இது நேர் வாரிசு. கையால் செய்து பார்க்கும் வாசகர் கூட்டம் இருந்தால் இணைய காலத்திலும் அச்சு புதிதாகத் தோன்றும் என்பதற்கு இது சான்றாகும்.

கேரளத்தில் கணினி இதழின் கற்பித்தற் பணியைப் பள்ளிப் பாடநூல் ஏற்றுக்கொண்டதும் கருதத்தக்கது. 2001-இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் கட்டற்ற மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அப்பாடநூல் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு கேரளத்தின் மொழிச் சிறுபான்மை மாணவர்க்காகத் தமிழிலும் கன்னடத்திலும் ஆக்கப்பெற்றது. தமிழகத்து இதழ்கள் உருவாக்கிய சொற்கள் கேரளத் தமிழ்வழி மாணவரின் பாடநூலில் எந்த அளவிற்கு எடுத்தாளப்பட்டுள்ளன என்பது தனி ஆய்வுக்குரிய பொருள்.

இழப்பின் தன்மை

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் பிற இணைய முயற்சிகளும் கலைச்சொற்களை விரிவாக விவாதித்துள்ளன என்பதை மறுக்க இயலாது. செய்தியின் அளவில் தமிழ் வாசகர் இழந்தது ஏதுமில்லை; பெற்றதே மிகுதி. இழப்பு இரு இடங்களில் நேர்ந்துள்ளது. முதலாவது, தொடர்ச்சி. இதழ் வாசகர் முதல் இதழிலிருந்து படிப்படியாகக் கற்றார். முன்பு விளக்கப்பட்ட சொல்லை ஆசிரியர் மீண்டும் விளக்காமல் கையாள முடிந்தது. தேடிவந்து ஒரு பக்கத்தை மட்டும் படித்துச் செல்லும் வாசகருக்கு எழுதும்போது ஒவ்வொரு கட்டுரையும் முதற்பாடம் ஆகிவிடுகின்றது. மேற்பாடத்திற்குரிய தமிழ் வளர இடமில்லை.

இரண்டாவது, ஆவணம். 1954-இல் இயற்றப்பெற்று 1956-இல் செய்தித்தாள்களுக்கும் விரிவாக்கப்பெற்ற நூல் வழங்கல் சட்டத்தின்படி அச்சு வெளியீடுகள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பெறுதல் வேண்டும். இணைய வெளியீட்டிற்கு அத்தகைய பாதுகாப்பு அச்சட்டத்தில் இல்லை. 2009-இல் 'ஜியோசிட்டீஸ்' சேவை மூடப்பட்டபோது அதில் இடம்பெற்ற பக்கங்கள் ஒரே நாளில் நீங்கின. இதழ்களின் கணினிக் கோப்புகளும் பாதுகாப்பானவை அல்ல. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னர்த் தனியார் எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பெற்ற கோப்புகள், உரிய எழுத்துரு இன்றி இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்ட இதழ்களின் தமிழே கணினியில் படிக்க இயலாமற் போயிருப்பது வருந்தத்தக்கது.

19-ஆம் நூற்றாண்டு இதழ்களைத் தேடித் தொகுத்த ஆய்வுலகம், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவற்றைக் கையெட்டும் தொலைவிலேயே தவறவிடுகின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் தொகுத்தவற்றுள் திரைப்பாட்டுப் புத்தகங்களும் அழைப்பிதழ்களும் இருந்தமையால்தான், 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் சமூக வரலாற்றுக்குக் கருவூலமாயிற்று. கணினி இதழ்களுக்கு அத்தகைய தொகுப்பாளர் தேவை. அவற்றின் படிகள் இன்று முன்னாள் வாசகர்களின் வீடுகளில்தான் எஞ்சியுள்ளன. பழைய தாள் விலைக்கு அவை எடைக்குப் போகும் முன்னர்ச் செயற்படுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அச்சுத் தொழில்நுட்ப இதழ்களின் சரிவிற்கு இணையம் மட்டுமே காரணமன்று. விளம்பரத்தையும் பயன்பாட்டுக் குறிப்பையும் நம்பிய இதழ்கள் சரிந்தன. வாசகர் அமைப்பை அடித்தளமாகக் கொண்டவை நீடித்தன.

2. கணினி இதழ்கள் சொல்லாக்கம், வினையமைப்பு, வாசகர் வினா ஆகியவற்றின்வழித் தமிழுக்குத் தொழில்நுட்ப உரைநடை ஒன்றை அளித்தன. கருத்து விளக்கத்தைப் புறக்கணித்தமை அவற்றின் பெருங்குறை. அக்குறையே அவற்றின் ஆயுளையும் குறைத்தது.

3. இவ்விதழ்கள் 1990களுக்குப் பிந்தைய தமிழ்ச் சொல் வரலாற்றிற்கு முதன்மைச் சான்றுகள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவற்றைத் தொகுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு சொல்லும் முதன்முதல் ஆளப்பட்ட இடத்தைக் குறிக்கும் வரலாற்றுமுறைச் சொல்லடைவு ஒன்றை உருவாக்குதல் வேண்டும்.

எழுதியவர்களும் வாசித்தவர்களும் நம்மிடையே வாழும் காலத்திலேயே இப்பணியைத் தொடங்கினால், ஒரு சொல் ஏன் ஏற்கப்பட்டது, மற்றொன்று ஏன் கைவிடப்பட்டது என்பதை அவர்களிடமே கேட்டறியலாம். சங்க இலக்கியச் சொல்லுக்கு உரையாசிரியரைத் தேடிச் செல்லும் தமிழாய்வு, தன் காலத்துச் சொல்லுக்கு அதனை ஆக்கியவரையே கேட்கும் வாய்ப்பைத் தவறவிடலாகாது.